போர்டு, ரேம், ஷீட் போட்ட மாடி அறை

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்கிறார்கள். பேங்க்கில் முப்பத்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்த எதிர்வீட்டு அங்கிள், "பென்ஷன் பேப்பரெல்லாம் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். கேட்கட்டும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையின் பின்னறையில் எட்டு வருஷம் உட்கார்ந்து, மதர்போர்டும் ரேமும் பொறுக்கி, பிராசஸரை அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகத்துக்கு மேலே ஓடவைப்பதையே வேலையாகச் செய்தவள் நான். ஓவர்க்ளாக்கிங் என்பார்கள். போன மாதம் அந்த மேசையைக் கடையில் புதிதாகச் சேர்ந்த பவித்ராவிடமும் ஹரியிடமும் ஒப்படைத்துவிட்டு எழுந்தேன். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. படப்பை வழியாகப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுத்து குலுங்கினால் ரோடு காரணம்.

எழுதச் சொன்னவர்கள் அந்த இருவரும். "அக்கா, ஓவர்க்ளாக் பண்ண எந்த போர்டு, எந்த ரேம்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடுங்களேன். ஒரு பக்கம் போதும்" என்று பவித்ரா கேட்டாள். "ரெண்டு பக்கம்னாலும் ஓகே" என்று ஹரி பெருந்தன்மை காட்டினான்.

லிஸ்ட் தரலாம். ஆறு மாதத்தில் பழசாகிவிடும். இப்போது வரும் பிராசஸர்கள் தாங்களே தங்களை முடிந்த மட்டும் ஓட்டிக்கொள்கின்றன. நான் சேர்ந்த புதிதில் ஒரு முழுநாள் பிடித்த வேலையை இன்று ஒரு க்ளிக் செய்துவிடுகிறது. கைக்கு மிச்சம் இருப்பது மெமரி, அதாவது ரேம். அதில்தான் இன்னும் விளையாட இடம் இருக்கிறது, அதில்தான் மாட்டிக்கொள்ளவும் இடம் இருக்கிறது. நான் மாட்டிக்கொண்டேன். லிஸ்ட்டுக்குப் பதில் அதைச் சொல்கிறேன்.

முதலில் என் படிப்பை மூன்று வரியில் முடித்துவிடுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் முடித்ததும், நல்ல வேலை கிடைக்கும்வரை மூன்று மாதம் மட்டும் என்று அந்தக் கடைக்குப் போனேன். முதல் வருஷம் ஸ்க்ரூவும் தூசியும். இரண்டாம் வருஷம், போர்டின் செட்டிங்ஸ் திரையில் எதை மாற்றினால் மெஷின் எழுந்திருக்காது என்பதை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் வருஷம் பின்னறை மேசை எனக்கே என்று ஆகிவிட்டது. நல்ல வேலை இரண்டு தடவை வந்தது. போகவில்லை. சாதாரண ரேம் ஒன்றை, அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணைத் தாண்டி ஓடவைத்து, பரிசோதனை ஒரு பிழையும் காட்டாமல் முழுக்கப் பச்சையாக முடியும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை வீட்டில் யாருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை.

கடையை நடத்தியவர் நசீர் அண்ணன். என்னைவிட ஐந்து வயது பெரியவர், அவ்வளவுதான். அவருக்கு ஓவர்க்ளாக்கிங் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். "அவன் ஒரு ஸ்பீடு போட்டுத் தந்துகீறான். அதுக்கு மேல போனா அவன் வருத்தப்படமாட்டானா?" என்பார். அவன் என்றால் பிராசஸர் செய்த கம்பெனி.

அவருடைய பழக்கங்கள் வேறு மாதிரி. வருகிறவர் பத்தாம் வகுப்பு படிப்பவராக இருந்தாலும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார். மெஷினை ஒப்படைக்கும்போது எழுந்து நின்றுதான் கொடுப்பார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். தூசி ஊதும் ப்ளோயரை எடுத்து, ஏற்கெனவே துடைத்து வைத்த கீபோர்டை ஊத ஆரம்பிப்பார். ப்ளோயர் சத்தம் எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு கோபம். ஒருமுறை இருபது நிமிஷம் கேட்டது. அன்று நான் ஒரு புது போர்டின் சாக்கெட்டுக்குள் ஸ்க்ரூடிரைவரைத் தவறவிட்டிருந்தேன்.

பிறகு அவருடைய ஸ்லிப். வரும் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு மஞ்சள் தாள். மேலே பெயர், ஊர், மெஷினை எங்கே வைப்பார்கள் என்று ஒரு வரி. அந்த வரி கேபிள் நீளத்துக்காக. கீழே மூன்று கட்டம்: வந்த புகார், செய்த வேலை, வாடிக்கையாளரிடம் சொன்னது. மூன்றாவதில் நான் எப்போதும் 'சொல்லப்பட்டது' என்று எழுதுவேன். எப்போதும் திருப்பி அனுப்புவார்.

"சொன்னேன்னு எழுதாத ஷைனி. இன்னா சொன்னேன்னு எழுது."

"அண்ணா, ஃபேன் மாத்தினேன். வேற என்ன சொல்லப்போறேன்?"

"அதையே எழுது. ரெண்டு வார்த்தைதானே, பேனா தேஞ்சா பூடும்?"

இனி நீங்கள் கேட்ட விஷயம். போர்டைக் கையில் எடுத்தால் விளக்கு எரிகிறதா என்று பார்க்காதீர்கள். பிராசஸர் உட்காரும் சாக்கெட்டைச் சுற்றி, அதற்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பகுதி இருக்கும். அதன் மேல் கனமான உலோகம் இருக்கிறதா, அல்லது உலோகம் மாதிரி சாயம் பூசிய ஏதோ ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். தூக்கிப் பார்த்தாலே கை சொல்லிவிடும். பின்பக்கம் செட்டிங்ஸை அழிக்கும் சின்ன பட்டன் இருக்கிறதா? ஓவர்க்ளாக் செய்து மெஷின் எழுந்திருக்காத நாளில், ஒரு தடவை அமுக்கினால் பழையபடி எழுந்துவிடும். அது இல்லாத போர்டில் இரண்டு முள்ளை ஸ்க்ரூடிரைவரால் தொட்டுக்கொண்டு நிற்கவேண்டும். என் வலது கட்டைவிரலின் தழும்புக்கு அப்படி ஒரு போர்டுதான் காரணம்.

ரேமைப் பொறுத்தவரை, இரண்டு ஸ்டிக் போதும் என்றால் இரண்டே போடுங்கள், நான்கு வேண்டாம். நான்கு போட்டால் வேகம் குறையும், போர்டு திணறும். இரண்டையும் ஒரே பெட்டியில் வந்த ஜோடியாக வாங்குங்கள். ஒரே பெயர், ஒரே எண், ஒரே நிறம் போட்ட இரண்டு தனித்தனிப் பெட்டிகளுக்குள் வேறு வேறு சிப் இருப்பதை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன். நான்கு ஸ்லாட் போர்டில், பிராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் சொருகவேண்டும். முதலாவதில் சொருகிவிட்டு, 'வேகம் வரல' என்று போன் செய்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. போர்டு கம்பெனி, எந்தெந்த ரேமைப் போட்டுப் பார்த்தோம் என்று ஒரு பட்டியல் வெளியிடும். யாரும் படிப்பதில்லை. படியுங்கள்.

புது ரேம் போட்டு முதல் முறை ஆன் செய்தால், போர்டு அதை அளந்து பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பு. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள். வண்டலூரிலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ரேமை அவரே மாட்டியிருந்தார்.

"மேடம், ஒண்ணுமே வர்ல. டிவி கருப்பா கீது. எட்டு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேன். ஒரே பேஜாரா கீது மேடம்."

"எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்தீங்கண்ணா?"

"ஃபுல்லா ரெண்டு நிமிசம்!"

ரயில் ஏறி வண்டலூர் போனேன். மெஷினை ஆன் செய்தேன். பிறகு செய்த ரிப்பேர் என்னவென்றால், அவருடைய கையை ஸ்விட்ச்சிடம் போகவிடாமல் பார்த்துக்கொண்டதுதான். நான்காவது நிமிஷம் எழுந்து நடக்க ஆரம்பித்தார். ஐந்தாவது நிமிஷம், "போச்சு, புட்டுக்கிச்சு" என்று தலையில் கைவைத்தார். ஆறாவது நிமிஷம் திரை வந்தது. "இன்னா மேடம் மந்திரம் போட்டீங்க?" என்றவரிடம் மந்திரம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்லிப்பின் மூன்றாவது கட்டத்தில் 'ஆறு நிமிஷம் பொறுக்கச் சொன்னேன்' என்று எழுதினேன். நசீர் அண்ணன் அதை மட்டும் திருப்பி அனுப்பாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போது அருள் சார்.

அருள் சார் ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் ஆசிரியர். பள்ளிக்கரணையில், சதுப்புநிலத்தின் ஓரத்தில், மனைவி ஸ்டெல்லா டீச்சரோடு சொந்த வீட்டில் இருந்தார். பகுதிநேர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பெருமழையில் சதுப்புநிலம் நிரம்பினால் தண்ணீர் எந்தத் தெருவுக்குள் எவ்வளவு உயரம் ஏறும் என்பதை அவரே எழுதிய ப்ரோக்ராம் கணக்குப் போட்டுச் சொல்லும். பத்து விதமான மழை, பத்து கணக்கு. ஒவ்வொன்றும் பழைய மெஷினில் ஐந்து நாள் ஓடியது.

"எனக்கு கேம்ஸ் வேண்டாம் மேடம், லைட் வேண்டாம். இந்தக் கணக்கு சீக்கிரம் முடியணும். அது மெமரியிலதான் சும்மா போய்ப் போய் வருது. அங்கதான் டைம் போகுது" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் காது. அதுவரை வந்தவர்கள் எல்லாரும் கேம்ஸ்காரர்கள். ரேம் வேகத்தை ஏற்றினால் அவர்களுக்குத் திரையில் ஒரு எண் கூடும். அதைப் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள், முடிந்தது. இங்கே ஒருவருக்கு உண்மையிலேயே ரேம் வேகம் தேவைப்படுகிறது! இரண்டே ஸ்லாட் உள்ள போர்டு ஒன்றை எடுத்தேன். ஸ்லாட் குறைந்தால் பிராசஸருக்கும் ரேமுக்கும் நடுவில் கம்பிப்பாதை சுருக்கமாக இருக்கும், வேகம் கூட்டலாம்.

"நாலு ஸ்லாட் இருந்தா பின்னாடி சேர்த்துக்கலாமே?" என்று கேட்டார்.

"சேர்த்தா மெதுவாயிடும் சார். உங்களுக்கு வேகம்தானே?"

"அப்ப ரெண்டே போதும்."

நான்கு நாள் அந்த மெஷினோடு இருந்தேன். பிராசஸரைக் கொஞ்சம் ஏற்றினேன். ரேமின் வேகத்தை ஏற்றினேன். ரேம் பதில் தர எடுக்கும் காத்திருப்பு நேரம் ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாகக் குறைத்தேன். கடைசியாக ஒரு செட்டிங். ரேம் சிப்புக்குள் தகவல் மின்சாரமாகத்தான் இருக்கிறது. அது மெல்லக் கசியும். வடிந்துபோகும் முன் போர்டு அடிக்கடி வந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். நிரப்பும்போது வேறு வேலை நடக்காது. ஆகவே நிரப்புவதற்கு இடையில் உள்ள நேரத்தை நீட்டினால் மெஷின் வேகமாகும். நான் அதை, போர்டு எவ்வளவு அனுமதிக்குமோ அவ்வளவுக்கு நீட்டிவிட்டேன்.

எட்டு மணி நேரப் பரிசோதனை. ஒரு பிழை இல்லை. இரண்டு நாளில் ஒரு கணக்கு முடியும் என்று ஆயிற்று. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல மெஷின் நான் செய்ததில்லை என்று நினைத்தேன். அந்தப் பச்சை எழுத்துத் திரையைப் பிரிண்ட் எடுத்து மேசைக்கு மேலே ஒட்டினேன்.

மூன்று மாதம் கழித்து, மே மாதத்தில், அருள் சார் போன் செய்தார். குரல் வழக்கம்போல மென்மையாகத்தான் இருந்தது. பத்துக் கணக்கும் முடிந்துவிட்டன, ஏழாவதின் கோப்பு ஒன்றைத் தவறுதலாக அழித்துவிட்டதால் அதை மட்டும் திரும்ப ஓட்டினேன் என்றார்.

"விடை வேற வருது மேடம். அதே இன்புட்தான். என் ப்ரோக்ராம் ஒரே இன்புட்டுக்கு எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடைதான் தரணும். எனக்கு இன்னும் மூணு வாரத்துல டிபார்ட்மெண்ட்ல ப்ரசன்டேஷன். அது தாண்டினாத்தான் தீசிஸ் கொடுக்க முடியும். வைரஸ் ஏதாவது இருக்குமா?"

அவர் மெஷினின் பழைய ஸ்லிப்பை எடுத்துக்கொண்டு மறுநாள் மதியம் பள்ளிக்கரணைக்குப் போனேன். மெஷின் மாடியில் இருந்தது. மொட்டைமாடியில் எழுப்பிய ஒரு அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஒரு ஃபேன். உள்ளே கால் வைத்ததும் தோசைக்கல்லின் மேல் முகத்தை நீட்டியது போல இருந்தது. கையில் இருந்த ஸ்லிப்பைப் பார்த்தேன். மெஷினை வைக்கும் இடம் என்ற வரியில், நசீர் அண்ணனின் பென்சில் கையெழுத்தில் தெளிவாக இருந்தது: 'மாடி ரூம், ஷீட், ஏசி இல்லை.' மூன்று மாதம் முன்பு எழுதியது. நான் படிக்கவே இல்லை.

கடையில் நாங்கள் எப்படிப் பரிசோதனை செய்வோம்? ஏசி அறையில். போர்டைக் கேபினெட்டுக்குள் போடாமல் மேசைமேல் திறந்து வைத்து. அது போதாதென்று, ரேமைப் பார்த்து ஒரு சின்ன டேபிள் ஃபேனும் வைப்பேன். வெளியே எடுத்தால் கை சுலபமாக நுழையும், அதனால் அந்த வழக்கம். எட்டு மணி நேரம் பரீட்சை வைத்தது உண்மைதான். மலையேற்றத்துக்குப் போகிறவரை ஊஞ்சலில் ஆட்டிப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

பென்டிரைவைச் சொருகி மெமரி பரிசோதனையை ஆரம்பித்தேன். நாற்பது நிமிஷம் ஒன்றுமில்லை. இரண்டரை மணி வெயில் ஷீட்டில் முழுதாக இறங்கியபோது முதல் சிவப்பு வரி வந்தது. பிறகு இன்னொன்று. மேசையில் முப்பத்தெட்டு டிகிரி காட்டிய ரேம், இங்கே அறுபத்தேழு காட்டியது. சூடானால் கசிவு கூடும். நான் நிரப்பும் இடைவெளியை நீட்டிவைத்திருந்தேன். போர்டு வந்து நிரப்புவதற்குள் இங்கொன்று அங்கொன்றாக வடிந்துபோயிருக்கிறது. மெஷின் நிற்கவில்லை, கோளாறு என்று சொல்லும் நீலத் திரையும் வரவில்லை. தப்பான எண்ணை வைத்துக்கொண்டு சமர்த்தாக மேலே கணக்குப் போட்டிருக்கிறது.

அருள் சார் கீழே போய் நன்னாரி சர்பத் கொண்டுவந்தார். அதற்குள் நான் அந்த ஒரு செட்டிங்கைப் பழைய அளவுக்கு இறக்கிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. திரும்பப் பரிசோதித்தேன். அதே வெயிலில், அதே அறுபத்தேழு டிகிரியில், ஒரு பிழை இல்லை.

"என்ன மேடம் ஆச்சு?"

"ரேம்ல ஒரு செட்டிங் சார். சரியாயிடுச்சு. இனி வராது."

"அப்பாடா" என்றார். நான் சர்பத்தைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கடையில் ஸ்லிப் எழுதினேன். வந்த புகார்: ஒரே கணக்குக்கு இரு விடை. செய்த வேலை: ரேம் செட்டிங் மாற்றப்பட்டது. மூன்றாவது கட்டம்: 'இனி வராது என்று சொன்னேன்.' நசீர் அண்ணன் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இனிமே வராது. சரி. வந்ததை இன்னா பண்றது?"

"எதைண்ணா?"

"அந்த சார் மூணு மாசமா போட்ட கணக்கை. அதுல ரைட்டு எது, ராங்கு எது?"

"அது... சொல்ல முடியாதுண்ணா. எல்லாமே ரைட்டாக்கூட இருக்கலாம்."

ப்ளோயர் சத்தம் கேட்டது. நான் மணி பார்க்கவில்லை. ஆனால் வெளியே டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. என் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மேசைக்கு மேலே ஒட்டிய பச்சைத் திரையைப் போகும்போதே கிழித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை. அதன் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குத் திரும்பவும் பள்ளிக்கரணை. அருள் சார் ஹாலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா டீச்சருக்கு லீவு, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டே சொன்னேன். செட்டிங்கை நீட்டியது நான். சோதித்தது ஏசி அறையில். உங்கள் கணக்கில் தப்பு வர நான்தான் காரணம். நேற்றே தெரியும்.

அவர் முதலில் ஆசிரியராகத்தான் கேட்டார். "அதென்ன நிரப்பறது? புரியல."

"மாடித் தொட்டி ஒழுகுது, மோட்டார் அப்பப்ப போட்டு நிரப்பறோம்னு வைங்க சார். மோட்டார் போடற நேரத்தை நான் தள்ளிவெச்சுட்டேன். வெயில்ல ஒழுகல் ஜாஸ்தியாச்சு. தொட்டி காலி."

"அங்கயும் தண்ணிக் கதைதானா" என்று லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "எந்தெந்த கணக்கு தப்பு?"

"தெரியாது சார். ஒண்ணா இருக்கலாம், பத்துமா இருக்கலாம். கண்டுபிடிக்க வழியே இல்ல. எல்லாத்தையும் திரும்ப ஓட்டணும்."

லேப்டாப்பை மெதுவாக மூடினார். "ஏங்க மேடம், இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? சரியாயிடுச்சுன்னு நீங்க சொன்னதை நம்பி, நேத்து சாயங்காலம்தான் அஞ்சாவது சாப்டரை என் ரிசர்ச் கைடுக்கு அனுப்பினேன். பத்து மேப்போட. ஏழாவதுக்கு முதல்ல வந்த மேப்பையே வெச்சுட்டேன்."

அந்த ஒரு நாள்.

ஸ்டெல்லா டீச்சர் கீரையிலிருந்து தலையைத் தூக்கினார். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே. போன வெள்ளத்துல நம்ம தெருவுல முழங்கால் வரைக்கும் தண்ணி. இவர் மேப்புல சுத்துவட்டாரம் பூரா நீலம், நம்ம தெரு மட்டும் காஞ்சு கிடக்கு. எப்படிங்கனு கேட்டா, 'மாடல் சொல்லுது ஸ்டெல்லா'ங்கறார்."

"அது ஏழாவது கணக்குல மட்டும்" என்றார் அருள் சார்.

"பக்கத்து வீட்டுக்காரங்க கிட்டெல்லாம் வேற, 'பயப்படாதீங்க, நம்ம தெருவுக்கு வராது'ன்னு சொல்லியாச்சு. அவங்க இனிமே ஃப்ரிட்ஜைத் தூக்கிக் கட்டில்மேல வைப்பாங்களா, மாட்டாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஏற்றி இறக்கிய எண்கள் வெறும் எண்களாக இங்கே இல்லை. தெருவின் மேட்டுப் பள்ளத்தைச் சொல்லும் ஏதோ ஒரு எண் ரேமில் மாறி, இல்லாத ஒரு மேடு அங்கே முளைத்து, தண்ணீரைத் தடுத்திருக்கிறது.

அருள் சார் என் எதிரிலேயே அவருடைய கைடுக்கு போன் செய்தார். அனுப்பியதைப் படிக்கவேண்டாம், மெஷினில் கோளாறு, திரும்ப ஓட்டுகிறேன் என்றார். எதிர்முனை நிறையப் பேசியது. "யெஸ் சார், யெஸ் சார்" என்றுகொண்டே நடந்தார். போனை வைத்துவிட்டு, "டேட் மாறாதாம். பத்தொன்பது நாள் இருக்கு" என்றார்.

கணக்குப் போட்டேன். ஓவர்க்ளாக்கை எல்லாம் எடுத்துவிட்டால் ஒரு கணக்குக்கு இரண்டு நாளும் ஐந்து மணி நேரமும். பத்துக்கு இருபத்திரண்டு நாள். மூன்று நாள் இடிக்கிறது.

"பாதி ஓவர்க்ளாக் வெச்சுக்கலாமா?" என்று அவரே கேட்டார்.

வாயில் 'வெச்சுக்கலாம் சார்' வந்துவிட்டது. என்னால் அதைச் செய்யவும் முடியும். ஆனால் முடியும் என்று நினைத்த இடத்தில்தான் போன தடவையும் விழுந்தேன். "வேண்டாம் சார்" என்றேன். மாடிக்குப் போய், நான்கு நாள் உட்கார்ந்து ஏற்றிய ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாக இறக்கினேன். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் எல்லாம் அழிந்திருக்கும். அமுக்க மனசு வரவில்லை.

கடைக்கு வந்து நசீர் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே முன்பக்க ஷோகேஸைப் பார்த்தார். அங்கே விளக்கெல்லாம் எரிய ஒரு டெமோ மெஷின் நிற்கும். அருள் சார் மெஷினில் இருக்கும் அதே பிராசஸர்.

"அதுல ஓடுமா அந்த சாரோட கணக்கு?"

"ஓடும்ணா. ஆனா ரெண்டு வாரத்துக்கு யாருக்கும் காட்ட முடியாது."

"காட்டினு இன்னா கிழிச்சோம். எட்த்து உள்ள வை. அந்த லைட்டு கண்றாவிய மட்டும் அணைச்சுடு."

இரண்டு மெஷின், பத்துக் கணக்கு. ஆளுக்கு ஐந்து. கூடவே, ஏழாவதை மட்டும் இரண்டிலுமே ஓட்டவேண்டும் என்று நான் சொன்னேன். இரண்டு விடையும் ஒன்றாக இருந்தால்தான் இனி எதையும் நம்புவேன் என்றேன். அருள் சார் ஒப்புக்கொண்டார். பள்ளிக்கரணையில் கரண்ட் போன இரண்டு தடவையும் யூபிஎஸ் தாங்கியது. மாடி மெஷினுக்கு ஸ்டெல்லா டீச்சர் சாக்கு வாங்கி நனைத்து ஷீட்டின் மேல் விரித்தார். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். தினமும் எனக்கு அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வரும்: ரேம் எத்தனை டிகிரி என்று. நான் கற்றுத்தந்தேன் அதை எங்கே பார்ப்பது என்று. என்மேல் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்கத் துணிந்ததில்லை. ஒருநாள் டிகிரியோடு சேர்த்து, 'சாப்டியாம்மா' என்றும் வந்தது.

உங்கள் லிஸ்ட்டுக்கு இங்கேதான் என் பதில், பவித்ரா, ஹரி. போர்டு எது, ரேம் எது என்று யாராவது கேட்டால், அதில் என்ன வேலை, எந்த அறையில் என்று கேளுங்கள். விடை தப்பானால் ஒருவருக்கு நஷ்டம் என்றால், தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் ரேமையும் அதை ஏற்கும் போர்டையும் வாங்கச் சொல்லுங்கள், வேகத்தை ஏற்றாதீர்கள். விளையாடத்தான் என்றால் தாராளமாக ஏற்றுங்கள். ஆனால் கேபினெட்டுக்குள் போட்டு, மூடி, ஏசியை அணைத்து, மதியத்தில் சோதியுங்கள். நான் திருந்திவிட்டேன் என்றும் நினைக்கவேண்டாம். என் வீட்டு மெஷின் இப்போதும் எல்லைக்கு ஒரு அடி வெளியேதான் ஓடுகிறது. அது தப்பாகச் சொன்னால் நனையப்போவது யாருமில்லை.

பதினைந்தாம் நாள் காலை, கையில் ஹார்ட்டிஸ்க்கோடு அருள் சார் கடைக்கு வந்தார். மாடி மெஷினில் ஓடிய ஏழாவது கணக்கு அதில் இருந்தது. கடை மெஷினில் ஓடியது என் மேசையில். இரண்டையும் எண் எண்ணாக ஒப்பிடும் கட்டளையைத் தட்டினேன். இரண்டும் பெரிய கோப்புகள். மூவரும் நின்றோம். நசீர் அண்ணன் கையில் ப்ளோயர் இல்லை என்பதைக் கவனித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த வரியில் கர்சர் மட்டும் வந்து கண் சிமிட்டியது. வேறு ஒரு எழுத்தும் இல்லை.

"என்னங்க, ஒண்ணுமே வரல?" என்றார் அருள் சார்.

"வித்தியாசம் இருந்தாத்தான் சார் அது வாயைத் திறக்கும்."

"அப்டின்னா இன்னா ஷைனி?" என்றார் நசீர் அண்ணன்.

"ரெண்டும் ஒண்ணுதான்ணா. கடைசி எண் வரைக்கும்."

"இன்னொரு தபா போடு."

இன்னொரு தடவை போட்டேன். இன்னொரு தடவை ஒன்றும் வரவில்லை. அருள் சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேப்பைத் திறந்து, அவருடைய தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தார். முழுக்க நீலம். பிறகு போனை எடுத்துக்கொண்டு கடையின் முன்பக்கம் போனார். கண்ணாடிக் கதவு வரைக்கும் அவர் சந்தோஷக் குரல் கேட்டது.

"ஸ்டெல்லா! நம்ம தெருவுல முழங்கால் தண்ணி! ஆமா, கன்ஃபார்ம்! பக்கத்து வீட்ல போய்ச் சொல்லிடு, ஃப்ரிட்ஜைத் தூக்கி வைக்கச் சொல்லு!"

மவுஸ் வாங்க வந்திருந்த இரண்டு பேர், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ரோட்டையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.